ரெடி என்று காட்டிய நோடுகள்

கோவை சரவணம்பட்டியில் ஒரு சிறு நிறுவனத்தின் மாடி அறை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு சர்வர் பராமரிப்பு கற்றுக்கொடுக்கும் பொறியாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். அன்றைய பாடம் குபெர்னெட்டஸ். போர்க் என்ற தன் உள் அமைப்பில் கற்றதை வைத்து கூகுள் உருவாக்கி, 2014இல் திறந்த மூலமாக அறிவித்த மென்பொருள் இது. எந்தக் கன்டெய்னர் எந்த மெஷினில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் மாற்றை எங்கே எழுப்ப வேண்டும் என்பதை இதுவே பார்த்துக்கொள்கிறது.

கிளவுடில் மூன்று உபுண்டு மெஷின்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்; குபெர்னெட்டஸ் மொழியில் இவை நோடுகள். ஒன்று மாஸ்டர், மற்ற இரண்டும் வொர்க்கர். மாஸ்டருக்குக் குறைந்தது 2 சிபியு, 2 ஜிபி ரேம் வேண்டும். ஒரே சிபியு என்றால், நிறுவும் கருவியான குபெஅட்மின் தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிடும். கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்-டி, மாஸ்டர், பாட்களுக்கான (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) ஃபிளானல் நெட்வொர்க், கடைசியாக வொர்க்கர்கள் என்ற வரிசையில் வேலை மளமளவென்று நடந்தது. வொர்க்கர்கள் வந்து சேர்வதற்கான டோக்கன் 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும் என்று மட்டும் இடையில் சொல்லிவைத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

“அக்கா, எல்லா நோடும் ரெடின்னு காட்டுது. ஆனா பாட்ல இருந்து டேட்டாபேஸ் பேரைக் கூப்பிட்டா கிடைக்க மாட்டேங்குது.”

“ரெடின்னா என்னங்க தம்பி? யாரு, யாருகிட்ட சொன்னது?”

கேட்ட பையன் யோசித்தான். வொர்க்கரில் ஓடும் கியூப்லெட், தான் நலம் என்று மாஸ்டரின் 6443 போர்ட்டுக்குச் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். பாட்கள் தங்களுக்குள் பேசும் பாதை வேறு. பெயரைத் தேடித் தரும் கோர்-டிஎன்எஸ் பாட்கள் இரண்டும், வொர்க்கர்கள் சேரும் முன்பே எழுந்துவிட்டதால், மாஸ்டரிலேயே இருந்தன. அதனால் வொர்க்கரில் இருக்கும் பாட் பெயரைக் கேட்டால், அந்தக் கேள்வி மெஷின் தாண்டிப் போயாக வேண்டும்.

இரண்டு லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரு முனையிலும் ஓட்டினார்கள். வொர்க்கர் பக்கம், ஃபிளானல் பயன்படுத்தும் யுடிபி 8472இல் பாக்கெட்டுகள் வரிவரியாகக் கிளம்பின. மாஸ்டர் பக்கத் திரையில் ஒன்றும் இல்லை. பின்வரிசைப் பெண் சட்டென்று கிளவுட் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தாள். டிசிபி விதிகள் மட்டுமே இருந்தன. யுடிபி 8472க்கு ஒரு விதியைச் சேர்த்தாள். மறு நொடியே பெயருக்குப் பதில் வந்தது. அந்த விதியை அக்கா வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தார்.

அடுத்து ஒரு வொர்க்கரையே அணைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் அது ‘நாட்ரெடி’ ஆனது; பாட்களோ உடனே இடம் மாறவில்லை. மாற்று எழும்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. விழுந்த மெஷின் திரும்பிவிடலாம் என்று குபெர்னெட்டஸ் இயல்பாகக் காத்திருக்கும் அவகாசம் அது. இதைக் கண்ணால் பார்த்தவர், நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பதற மாட்டார்.

அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றுமே குபெர்னெட்டஸைத் தயார்நிலையில் விற்கின்றன. வாடிக்கையாளர் வேலைக்கு அதுவே சரி. ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் ஒருமுறையாவது கையால் கட்டி, கையால் உடைத்துப் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நீங்களும் முயன்று பார்த்தால் ஒன்றை மறக்காதீர்கள். மெஷினை ஸ்டாப் செய்தால் மட்டும் போதாது. டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். லேப் முடிந்ததும் மெஷின், டிஸ்க், நிலையான ஐபி மூன்றையும் டெலிட் செய்துவிடுங்கள்.