முள்ளில் கட்டும் இறகு

ஜிக் என்பது தலையில் கனம் ஏற்றிய தூண்டில் முள். நரம்பு கட்டும் கண்ணுக்கு அருகே அதன் தண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும்; வளைவின்மேல் ஈயம் வார்த்திருக்கும், அல்லது டங்ஸ்டன் மணி கோத்திருக்கும். நரம்பு மேலே இழுக்க, கனம் கீழே தாழ, முள்ளின் கூர்நுனி வானம் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் பாறையிடுக்கிலும் பாசியிலும் அவ்வளவாகச் சிக்காது. கல் நிறைந்த மலையோடைக்கு இதைவிடத் தோதான முள் இல்லை. இதில் இறகைக் கட்டிவிட்டால் புழு தேவையில்லை.

இறகு என்றால் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஊரை நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் அறிந்தவர்களே அதிகம். அதையொட்டிய போடி மேற்கு மலையும் போடிமெட்டுக்கு ஏறும் ஏலத்தோட்டச் சரிவுகளும் சாம்பல் காட்டுக்கோழியின் வாழிடம் என்பது இறகு கட்டுவோருக்கு முக்கியம். விடியலில் சேவலின் கூவல் கேட்கும், ஆளைக் காண்பது அரிது. அதன் கழுத்திறகில் இழைகள் ஒட்டி இறுகி, மெழுகு சொட்டி உறைந்தாற்போல் வெள்ளையும் மஞ்சளுமான புள்ளிகள் நிற்கும். நனைந்தாலும் இவை மங்குவதில்லை. தண்ணீருக்குள் சிறுமீனின் கண்ணாகத் தோன்றும் என்பது தூண்டில்காரர் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் சால்மன் மீனுக்கென்று பிரிட்டனில் கட்டிய 'ஜாக் ஸ்காட்' போன்ற அலங்கார முட்களின் பக்கவாட்டில் இருப்பது இந்த இறகுதான். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவையை வேட்டையாடுவது குற்றம். இன்று வெளிநாட்டில் விற்பனைக்கு வரும் இறகு கூண்டில் வளர்த்த பறவைகளுடையது.

வீட்டில் கட்டுபவருக்கு அந்த இறகு வேண்டவும் வேண்டாம். நாட்டுச்சேவலின் பிடரி இறகும் தொடைப்பக்கத்துத் தூவியும் போதும். கோழிக்கடையில் குப்பைக்குப் போகும் இறகை வாங்கி, சோப்புத்தூளில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டையோடு டப்பாவில் போட்டால் பூச்சி அரிக்காது. கடையில் 'மராபு' என்று விற்பதும் ஒரு காலத்தில் மராபு நாரையின் தூவி, இப்போது வான்கோழியுடையது.

முள்ளை வளைவுப் பக்கமாக வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, மணிக்குப் பின்னாலிருந்து தண்டு முழுக்க நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வெறும் உலோகத்தில் கட்டிய இறகு வழுக்கிச் சுழலும், ஆகவே இந்த அடிநூலைத் தவிர்க்கக் கூடாது. அடுத்து வால். தூவியை விரலால் ஈரப்படுத்தினால் கற்றையாக ஒடுங்கும், அப்போதுதான் அளவு தெரியும். தண்டின் நீளம் இருந்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் மீன் வாலைக் கடித்துவிட்டு முள்ளை விட்டுவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் தாராளமாகத் தூவி வைப்பார்கள். பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும், தண்ணீரில் அசையாது. உடலுக்குக் கம்பளி நூலோ மயிலிறகின் இழையோ சுற்றலாம். உதிர்ந்த மயிலிறகை உள்நாட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, ஏற்றுமதிக்குத்தான் தடை. அதன்மேல் பிடரி இறகை நுனியால் கட்டி, இழைகள் பின்னோக்கிச் சாயும்படி இரண்டு மூன்று சுற்று. கடைசியில் நூலைத் தன் சுற்றுகளுக்கு அடியிலேயே நுழைத்து இழுத்து முடிச்சிட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு.

கனத்தை நீரைப் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். தெளிந்த ஓடைக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான தலை போதும். ஆழமான நீர்த்தேக்கத்துக்கு மூன்றரை கிராம்வரை ஏற்றலாம். வைகை அணைப் பக்கம் ஜிலேபிக் கெண்டை சிறு ஜிக்கைக் கவ்வும், கண்மாய் விராலுக்குப் பெரியது வேண்டும். மலைக்கு அப்பால் மூணாற்றின் உயர்ந்த ஓடைகளில் பிரிட்டிஷார் விட்ட டிரவுட் இருக்கிறது. நீலகிரியிலும் அதற்காக அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் தொடங்கினார்கள். அங்கெல்லாம் அனுமதிச்சீட்டு இல்லாமல் தூண்டில் போட முடியாது. வைகையில் விலைக்குப் பிடிப்பவர்களிடம் இறகு ஜிக்கைக் காட்டினால், மண்புழுவே மலிவு என்பார்கள்.