மூத்த குமாரனின் நாற்காலி

நடிகர் மைக்கேல் செக்காவ் (எழுத்தாளர் ஆன்டன் செக்காவின் சகோதரன் மகன்) 1953-இல் வெளியிட்ட நூலில், சுற்றியுள்ள காற்றே ஓர் உணர்வால் நிறைந்திருப்பதாகக் கற்பனை செய்யும்படி நடிகருக்குக் கற்பிக்கிறார். வசனம் அதற்குப் பின்புதான்.

எங்கள் வாலிபர்கள் லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் உவமையை ஒத்திகை பார்த்தபோது அதையே செய்தோம். அறையின் ஒரு பாதி விருந்து வீடு. மறுபாதி அந்தி சாயும் வயல். மூத்த குமாரனாக நடித்தவன், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டருகே வந்ததும் தானாகவே நடை தளர்ந்தான். ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பின்பு அவனை நாற்காலியில் அமர்த்தி, அந்தப் பாத்திரமாகவே பதிலளிக்கச் செய்தோம்.

"தம்பியைத் தேடிப் போனீர்களா, அண்ணா?" என்றாள் ஒரு சிறுமி.

நெடுநேரம் மௌனம்.

"அப்பா தினமும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயலில் இருந்தேன். அந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை."

இது வேதத்தில் இல்லாத வசனம்தான். ஆயினும், அந்த மனிதன் 'என் தம்பி' என்று சொல்ல ஏன் மறுத்தான் என்பதற்கு, நான் வாசித்த எந்த வியாக்கியானமும் இத்தனை அருகில் வந்ததில்லை.

அவன் வீட்டுக்குள் போனானா என்று லூக்கா எழுதவில்லை. நாடகத்தையும் வாசலிலேயே நிறுத்துகிறோம். அடுத்த ஒத்திகையில் அந்த நாற்காலியில் தகப்பன் அமர்வார்.