அடாப்டர் வாங்குமுன் அடிப்பக்கம் பாருங்கள்

எங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி என்று எந்த வீதியை எடுத்துக்கொண்டாலும், பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவுதான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் திருச்சியிலிருந்தே விமானம் ஏறிவிடலாம். பெட்டி கட்டுவதில் நம் பெண்களை மிஞ்ச ஆளில்லை. பருப்புப் பொடி, வற்றல், வடாம், எண்ணெய் கசியாமல் கட்டிய ஊறுகாய் எல்லாம் எடை பார்த்து அடுக்கிவிடுவோம். பிளக் சமாசாரம் மட்டும் கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம்தான் ஞாபகம் வரும். உடனே யாரையாவது கடைக்கு விரட்டி, "எல்லா நாட்டுக்கும் ஆகும்" என்று விற்கிற அடாப்டர் ஒன்றை வாங்கிப் பெட்டி மூலையில் செருகிவிட்டால் கவலை விட்டது என்று நினைக்கிறோம்.

நான் மின்சாரம் படித்தவள் இல்லை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் போன வருஷம் என் மாமியார் அமெரிக்காவிலிருக்கும் மைத்துனர் வீட்டுக்கு ஆறு மாதம் போய்த் தங்க ஏற்பாடானபோது, இதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்தது. காரணம், அவருடைய இழுப்பு. எழுபத்து நாலு வயது. பனிக்காலம் வந்தால் நடு ராத்திரியில் மூச்சு வாங்கும். நெபுலைசர் மெஷினைப் பிளக்கில் செருகி, மருந்தை ஊற்றி, முகமூடியை வைத்துப் பத்து நிமிஷம் புகையை இழுத்தால்தான் அடங்கும். அந்த மெஷின் ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தோம். கடைக்காரப் பையன் கைக்கு அடக்கமான ஒரு அடாப்டரை எடுத்து, முள்ளை இப்படி இழுத்தால் லண்டன், அப்படி இழுத்தால் அமெரிக்கா என்று வித்தை காட்டினான். "நூத்தைம்பது நாட்டுல வேலை செய்யும்மா" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எது வேலை செய்யும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டு மாமா திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடாப்டரை அவர் கையில்கூட வாங்கவில்லை. "அது கிடக்கட்டும். மெஷினைத் திருப்பிக் காட்டும்மா" என்றார். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

"அமெரிக்காவுல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உன் அடாப்டர் முள்ளைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. உங்காத்து மொட்டை மாடித் தொட்டியிலேர்ந்து தண்ணி வேகமா வரது. அந்தத் தொட்டி பாதி உசரத்துல இருந்தா? குழாய் வாயைப் புதுசா மாத்திட்டா மட்டும் வேகம் வந்துடுமா? மெஷினுக்கே இழுப்பு வந்துடும்" என்றார். இதற்கு மேல் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. துபாய், குவைத், ஓமன் பக்கமும் அப்படியே. அங்கெல்லாம் கரண்ட் ஏறக்குறைய நம்மூர் மாதிரிதான், 230-லிருந்து 240-க்குள் இருக்கும். முள் மட்டும் சதுரம். வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டு மூன்று உருண்டை முள் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய வழக்கம். அவன் 1947-ல் புதுச் சதுர முள்ளுக்கு மாறிவிட்டான், நாம் பழையதை விடவில்லை! இலங்கையில் இரண்டையும் பார்க்கலாம். ஆக அந்த ஊர்களுக்கு நல்ல அடாப்டர் ஒன்று போதும். அமெரிக்கா, கனடா, ஜப்பான்தான் வேறு ஜாதி. ஜப்பானில் 100 வோல்ட்தான். அதனால் சிங்கப்பூர் போய் வந்த அத்தை, "நான் எல்லாத்தையும் எடுத்துண்டு போனேனே, நன்னா ஓடித்தே" என்று சொன்னால், அமெரிக்கா போகிற நீங்கள் அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

அடிப்பக்கச் சீட்டில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் அந்தச் சாமான் எந்த ஊர்க் கரண்டையும் ஏற்றுக்கொள்ளும். செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் அநேகமாக இப்படித்தான் இருக்கும். வெறும் 230 என்றோ 220-240 என்றோ இருந்தால் அமெரிக்காவுக்கு ஆகாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பால் புட்டி சூடாக்கும் கருவி, ஸ்டெரிலைசர், பால் எடுக்கும் பம்ப் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பம்ப் பெரும்பாலும் தப்பித்துவிடும், சூடாக்குகிறவைதான் மாட்டிக்கொள்ளும். நம்மூர் இஸ்திரிப் பெட்டியை அங்கே செருகினால் வோல்ட் பாதி என்பதால் சூடும் பாதி வரும் என்று நினைக்காதீர்கள். கால் பங்குதான் வரும். ஈரத் துணிகூடக் காயாது.

திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழ். எங்கள் வீதியில் ஒரு பெண் அமெரிக்காவில் வாங்கிய, தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து அடாப்டர் போட்டுச் செருகினாள். ஒரே நிமிஷம், குபுகுபுவென்று புகை, வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். அவள் தலைமுடி தப்பியது பெருமாள் புண்ணியம்.

அடாப்டர் வாங்கும்போதும் சிலது கவனிக்க வேண்டும். மலிவானவற்றில் பலவற்றுக்கு எர்த் இணைப்பே கிடையாது. மூன்றாவது துளை அழகுக்குத்தான் இருக்கும். சார்ஜருக்குப் பாதகமில்லை. இரும்பு உடம்புள்ள சாமான்களுக்கு அது ஆகாது. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதிலேயே போட்டிருக்க வேண்டும். கடையிலேயே உங்கள் சார்ஜரைச் செருகி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பொறி பறக்கும், வேண்டாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளக் துளைக்குள் ஒரு மூடி இருக்கும். மேல் முள் உள்ளே போனால்தான் அது திறக்கும். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம்மவர்கள் சிலர் பேனாவை மேல் துளையில் குத்தி மூடியைத் திறந்து, நம்மூர் இரண்டு முள் சார்ஜரைச் செருகுகிறார்கள். சின்னக் குழந்தை பார்த்துக்கொண்டே நிற்கும்! நாளைக்கு அது எதை எடுத்துக் குத்தும் என்று யோசிக்க வேண்டாமா?

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். வோல்டை ஏற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கலாமா என்று இவர் கேட்டார். "வோல்டை ஏத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. எடையும் ஜாஸ்தி. உசிர் விஷயத்துல அதை நம்பிப் போகாதே" என்றார் எதிர் வீட்டு மாமா. டாக்டரிடம் போனோம். பாட்டரியில் ஓடும் சின்ன நெபுலைசர் இருக்கிறது, யு.எஸ்.பி. ஒயரில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றார். எல்லா மருந்தும் எல்லா மெஷினுக்கும் ஒத்துவராது என்பதால் அம்மாவின் மருந்தை இதில் ஊற்றலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டோம். மெஷின் தகராறு செய்தால் கைகொடுக்க, ஸ்பேசர் வைத்து இழுக்கும் இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார்.

புதுசை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று விடாமல், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கி வீட்டில் பழக்கினோம். முதல் நாளே வழக்கு. "ஏண்டி, சத்தமே வரலையே. மருந்து போறதா, இல்லையா?" பழைய மெஷின் மாவு மில் மாதிரி கத்தும், அந்தச் சத்தம் கேட்டாலே பாதி இழுப்பு அடங்கிவிடும் அவருக்கு. கண்ணாடி எதிரே உட்காரவைத்துப் புகை வருவதைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

மருந்து, மெஷின், டாக்டர் சீட்டு மூன்றும் கைப்பையில் போயின. பாட்டரி உள்ளே இருக்கிற சாமானைக் கூடவே வைத்துக்கொள்வதுதான் நல்லது; உதிரி பாட்டரி, பவர் பாங்க் எதையும் சரக்குப் பெட்டியில் போட விமானத்தில் அனுமதி கிடையாது. சார்ஜ் செய்ய 100-240 சார்ஜர் ஒன்று, அதற்கு அமெரிக்கத் தட்டை முள் அடாப்டர் இரண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று. என் ஓர்ப்படி, "மன்னி, நம்மூர் மிக்ஸி ஒண்ணு அம்மாகிட்டே குடுத்து விடுங்கோ" என்று கேட்டிருந்தாள். நம்மூர் மிக்ஸியே அமெரிக்காவுக்கென்று 110 வோல்டில் அங்கே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அந்த எடைக்கு அப்பளமும் புளிக்காய்ச்சலும் போயிற்று.

ஜனவரியில் அங்கே பனி கொட்டிய ஒரு ராத்திரி அம்மாவுக்கு இழுப்பு வந்திருக்கிறது. பக்கத்து அறையில் தூங்கியவர்களைக்கூட எழுப்பாமல், தானே மெஷினை எடுத்து வைத்துக்கொண்டாராம். மறுநாள் போனில் சொன்னார்: "சத்தம் இல்லாததும் ஒருவிதத்துல நல்லதுதாண்டி. குழந்தைகள் முழிச்சுக்கலை."