வால்வு எங்கே இருக்கிறது?

காஸ் சிலிண்டரை எங்கே மூடுவது என்று கேளுங்கள், உங்கள் வீட்டுப் பொடிசுகூடச் சொல்லும். மெயின் சுவிட்ச்? அதுவும் தெரியும். சரி, தண்ணீரை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்குத்தான் பலரும் முழிப்போம். பிளம்பர் வந்து சேர்வதற்குள் ஹால் குளமாகியிருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து குழாய் கிளம்பும் இடத்திலேயே ஒரு வால்வு இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் இறுகிப்போய், அவசரத்துக்குத் திருகினால் அசையாது. அல்லது கையோடு வந்துவிடும்.

தூத்துக்குடியில் என் சித்தி வீட்டில் அதுதான் நடந்தது. பாத்ரூம் சுவருக்குள் கசிவு. வால்வு அசையவில்லை. "டேங்க்கக் காலி பண்ணித்தான் ஆகணும் அண்ணாச்சி. ஈரம் இருந்தா பேஸ்ட் பிடிக்காது" என்றார் பிளம்பர். உண்மைதான். பிவிசி குழாயை ஒட்டும் பசைக்கு ஈரம் ஆகாது.

ஆனால், 'காலி பண்ணு' என்பது தூத்துக்குடியில் லேசான வார்த்தை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கடல். குடிக்கிற தண்ணீரோ மேற்கே தாமிரபரணியிலிருந்து வர வேண்டும். 1927-ல் வல்லநாட்டிலிருந்து அதைக் குழாயில் கொண்டுவந்ததற்காகவே, நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்தை ஊர் இன்னமும் நன்றியோடு நினைக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் சித்தி வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். குழாயில் ஒரு சொட்டு இல்லை!

"சாக்கடைல ஊத்தவாலே பிடிச்சு வச்சிருக்கேன்?" என்றாள் சித்தி.

வரவை நிறுத்தாமல் கணக்கை முடிக்க முடியாது என்று நான் பி.காம். படித்துத் தெரிந்துகொண்டேன். சித்திக்குப் படிக்காமலே தெரியும். முதலில் மோட்டார் சுவிட்சை அணைத்து, 'போடாதீங்க' என்று ஒரு சீட்டு ஒட்டினாள். அடுத்து ஹீட்டர், தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும். அப்புறம் கீழ்க் குழாயைத் திறந்து குடம், அண்டா, பொங்கல் பானை வரை நிரப்பினாள். டேங்க் காலியான பிறகும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும் இல்லையா? மேலே இருக்கிற குழாய்களையும் திறந்துவிட்டார் பிளம்பர். காற்று புகுந்ததும் மிச்சமும் இறங்கியது. எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை போடுகிற அதே கதைதான்.

கசிவோடு வால்வையும் மாற்றியாயிற்று. மறுபடி தண்ணீர் விடும்போது குழாய்களைத் திறந்து வைத்து, வால்வை மெதுவாகத் திருப்ப வேண்டும். நாலு தடவை இருமிவிட்டுக் காற்று வெளியேறும். பிடித்துவைத்த தண்ணீரில் இரண்டு நாள் துணி துவைத்தாள் சித்தி. சாக்கடைக்குப் போனது அரை வாளி!

இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் உங்கள் வால்வை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், இப்போதே மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருகினால் இறுகாது. முக்கியமாக, வீட்டில் பகலில் தனியாக இருப்பவருக்கு அதைக் காட்டிவையுங்கள். குழாய் உடைகிற நேரத்தில் நீங்கள் ஆபீஸில்தான் இருப்பீர்கள்.