ஏரிக்கரையில் ஓர் இல்லம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்ற பழமொழியைச் சொன்னவர் ஏரிக்கரையில் வீடு கட்டியவராக இருந்திருந்தால், அதில் இன்னும் ஒரு வரி சேர்த்திருப்பார்.

1931-ம் வருஷம் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது முதல், பட்டணவாசிகள் தாம்பரத்தைச் சுற்றி மனை தேடலானார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பரும் அவ்விதமே தமது சேமிப்பு முழுவதையும் கொடுத்து, செம்பாக்கம் ஏரிக்கு அருகில் ஒரு மனை வாங்கினார்.

வைகாசியில் பூமி பூஜைக்குப் போயிருந்தேன். ஏரி பாதி வற்றிக் கிடந்தது. சேற்றில் கொக்குகள் தவம் செய்துகொண்டிருந்தன. வானம் தோண்டியபோது ஐந்தடியிலேயே ஊற்றுக் கண்டது. "குடிதண்ணீருக்குப் பஞ்சமில்லை!" என்று நண்பர் பூரித்துப் போனார்.

ஆவணியில் மறுபடியும் சென்றேன். கடைக்கால் முடிந்து, வாசற்கால் வைக்க நாள் பார்த்திருந்தார்கள். கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. அதைத் தூர்த்து மல்லிகைப் பந்தல் போட வேண்டுமென்பது நண்பரின் மனைவியாருடைய ஆசை. மேஸ்திரி மட்டும் தலையை ஆட்டினார்.

"சிட்லபாக்கம் ஏரி ரொம்பினா இங்கே வருமுங்க. இது ரொம்பினா நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு போய்ப் பள்ளிக்கரணையில விழணும். தண்ணிக்கு வழி தெரியுங்க. நாமதான் வழியில குந்திக்கிறோம்."

"பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்திவிட்டால் போகிறது!" என்றார் நண்பர்.

"நீங்க உயர்ந்தா எதிர் வீட்டுக்குப் போகுமுங்க, ஐயா."

எதிரே தாழ்ந்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதன் திண்ணையில் ஒரு பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

2015 டிசம்பர் 1-ந் தேதி காலை தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். "அந்த மழையிலே, முடிச்சூர்ல நான் கட்டின வீட்டுக்கே படகுல போனேனுங்க" என்று மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நண்பரின் மனைவியார், "மல்லிகையைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம், வாய்க்கால் இருக்கட்டும்" என்றார். மறுநாளே ஆட்களை விட்டு, அடைந்து கிடந்த குப்பையை அள்ளச் செய்தார்கள்.

கார்த்திகையில் நல்ல மழை. கவலையுடன் ஓடினேன். வீட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கொல்லையில் வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுத் திண்ணை காய்ந்திருந்தது. பேரன் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். மாடிப்படியில் வரிசையாக ஆறு மல்லிகைத் தொட்டிகள்.

நண்பர் கேட்டார்: "எப்படி, ஸார், நம் வீடு?"

வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, "பிரமாதம்!" என்றேன்.