எதிர்பார்ப்பும் ஏவலும்: ஆங்கிலத் துணைவினைகள் பற்றிச் சில சிந்தனைகள்

1805 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி, திரபல்கார் முனைக்கு அப்பால் பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளை எதிர்கொள்வதற்குச் சற்று முன்னர், நெல்சன் தம் கப்பல்களுக்குக் கொடிகள் மூலம் ஒரு செய்தியை அனுப்பினார். ஒவ்வொருவனும் தன் கடமையைச் செய்வான் என இங்கிலாந்து நம்புகிறது என்பதே அவர் முதலிற் கருதிய வாசகமாகும். ஆனால், 'நம்புகிறது' என்னும் பொருள்பட அவர் தெரிந்த சொல் கொடிக் குறியீட்டு நூலில் இல்லை. அதனை எழுத்தெழுத்தாக ஏற்றுவதாயின் நேரம் பிடிக்கும். ஆகவே சமிக்ஞை அதிகாரியாகிய பாஸ்கோ, நூலில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த 'எக்ஸ்பெக்ற்', அதாவது 'எதிர்பார்க்கிறது', என்னும் சொல்லை இடலாமா எனக் கேட்டார். நெல்சனும் இசைந்தார். கடமை என்ற சொல்லுக்கும் அந்நூலில் இடமில்லாமையால் அதனை எழுத்துக்கூட்டியே ஏற்ற நேர்ந்தது என்பது இக்கதையிலுள்ள வேடிக்கை.

மாற்றம் சிறிது, அதன் விளைவோ சிறிதன்று. 'நம்புகிறது' என்றிருந்தால் அது போர்வீரனைப் பாராட்டும் வாசகமாக இருந்திருக்கும். 'எதிர்பார்க்கிறது' என்றதும் பாராட்டினுள் ஓர் ஏவலும் புகுந்துவிட்டது. நாளை மழையை எதிர்பார்க்கிறோம் என்பவர் ஓர் ஊகத்தைக் கூறுகிறார். நாளை எட்டு மணிக்கு உம்மைக் கந்தோரில் எதிர்பார்க்கிறோம் என்னும் மேலதிகாரி ஊகம் எதனையும் கூறவில்லை. நிகழும் என்று கருதுவதும் நிகழ்ந்தாக வேண்டும் என்று கோருவதும் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கும் இந்நிலை, ஆங்கிலத்தில் இவ்வொரு வினையோடு நின்றுவிடுவதன்று. அம்மொழியின் துணைவினைகள் பலவற்றின் இயல்பே அதுதான்.

ஒருவர் தம் நண்பரின் வீட்டை மாலையிற் கடந்து செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாளரத்தில் விளக்கெரிவதைக் கண்டு, 'அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்கிறார். ஆங்கிலேயராயின் இங்கு 'மஸ்ற்' என்னும் துணைவினையையே பயன்படுத்துவார். விளக்கைக் காணாது, கைக்கடிகாரத்தை மாத்திரம் பார்த்து, நண்பர் நாள்தோறும் ஆறு மணிக்குத் திரும்புபவர் என்பதை நினைந்து அதே முடிவுக்கு வருவாராயின், அவர் வாயில் வருவது 'ஷுட்' என்பதாகும். தமிழில் இரண்டிற்கும் 'வேண்டும்' என்ற ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ முன்னது கண்ட சான்றிலிருந்து பிறந்த முடிவு. பின்னது உலக வழக்கின்மேல் வைத்த நம்பிக்கை. கதவைத் தட்டிய பின்னர் நண்பர் இல்லையெனத் தெரிந்தாலும், 'இந்நேரம் இருக்க வேண்டும், ஆனால் இல்லை' என 'ஷுட்'டை வைத்துக்கொண்டு பேச முடியும். 'மஸ்ற்' அவ்வாறு பிழைத்துக்கொள்வதில்லை. உண்மை எதிராக வந்ததும் அது விழுந்துவிடுகிறது. வாயிலில் மணியொலி கேட்டதும், 'அது தபாற்காரராக இருக்கும்' எனக் கூற எதிர்காலத்துக்குரிய 'வில்'லைப் பயன்படுத்துவதும் அவர்கள் வழக்கமே. நிகழ்வது நிகழ்காலத்தில், சரிபார்ப்பதுதான் இனிமேல்.

'ஷுட்' என்பதன் வேர் இன்னும் சுவையானது. 'ஷால்' என்பதன் இறந்தகால வடிவம் அது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கடன்பட்டிருத்தல் என்னும் பொருளும் இருந்தது. அதன் இணையாகிய 'ஓட்' என்பதும் கடன்படுதலைக் குறித்த வினையிலிருந்தே வந்தது. கடன் என்னுஞ் சொல்லுக்குக் கடமை என்ற பொருளையும் அளித்த தமிழருக்கு இது விளங்காத தொடர்பன்று. ஆயினும் எம்முடைய 'வேண்டும்' விருப்பத்திலிருந்து பிறந்தது. அவர்களது 'ஷுட்' கடனிலிருந்து பிறந்தது. உலகம் தமக்குச் செலுத்த வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோலவே ஆங்கிலேயர் தம் எதிர்பார்ப்பைப் பேசுகின்றனர். இதனாற்போலும், நல்லது நிகழும் என்பதற்கே அச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. எங்கள் வேட்பாளர் வெல்வார் என்பதற்கு 'ஷுட்' வரும். தோற்பார் என்பதற்கு அது ஒட்டாது. ஜெஃப்ரி லீச் 1971 இல் வெளியிட்ட ஆங்கில வினைபற்றிய நூல் இத்தகைய நுட்பங்களை ஆராய்கின்றது. புண் பத்து நாளில் ஆறும் என்று கூறும் வைத்தியர் 'ஷுட்' என்பார். நோயாளி அதற்குள் இறப்பார் என்று கூற நேரின் அச்சொல்லை அவர் தொடவும் மாட்டார்.

எமது மாணவர் இடறுமிடம் இதுவே. 'ஷுட்' என்றால் 'வேண்டும்' எனப் பள்ளியிற் பாடமாக்கியவர், பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார் என்க. முடிவு மாத இறுதிக்குள் கிடைக்கும் என்னும் கருத்தில் அங்கிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதில் இருப்பது 'ஷுட்'. அவர் அதனை வாக்குறுதியாக வாசிக்கிறார். அதனை நம்பிக் கையிலிருக்கும் வேறோர் இடத்தை விட்டுவிடவும் கூடும். எழுதியவரோ எவ்வாக்கும் அளித்தாரில்லை. யாவும் வழமைபோல நடந்தால் என்னும் நிபந்தனையை அவ்வொரு துணைவினைக்குள் மடித்து வைத்திருந்தார். அது வஞ்சகமன்று. அவருடைய ஊரில் எவரும் அதனை விரித்துச் சொல்ல எதிர்பார்ப்பதில்லை.

வினையடைகளின் போக்கோ இன்னும் விசித்திரமானது. 'ஷுவர்லி' என்பதற்கு அகராதி 'நிச்சயமாக' என்று பொருள் கூறும். ஆனால், உமக்கு இது தெரிந்திருக்குமே என்று ஒருவர் அச்சொல்லைச் சேர்த்துக் கேட்கும்போது, தெரியாதோ என்ற ஐயமே அவரைப் பேசவைக்கிறது. 'ஐயமில்லை' என்று பொருள்படும் 'நோ டௌற்' என்ற தொடரும் அத்தகையதே. ஐயமே இல்லாத ஒன்றைக் கூறுபவர் அதனைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நம்பிக்கையோடு ஒன்றைச் செய்தலைக் குறித்த 'ஹோப்ஃபுலி', 'நடக்குமென நம்புவோம்' என்ற பொருளிற் பரவியபோது இலக்கண ஆசாரசீலர்கள் பல்லாண்டுகள் போராடினர். அமெரிக்கச் செய்தி நிறுவனமாகிய அசோசியேற்றட் பிரெஸ் தன் நடைக்கையேட்டில் அதனை ஏற்றது 2012 இலேதான். எதிர்பார்ப்பைக் கூறும் சொல்லுக்கு இத்தனை கட்டுக்காவல் எதற்கென்று கேட்கத் தோன்றுகிறது.

ஆயினும் இவை இலக்கணகாரரின் சச்சரவுகள் மட்டுமல்ல. 1948 இல் ஸ்ராலினுடன் முரண்பட்டுப் பிரிந்த யூகோசிலாவியாவை, 1951 இற் சோவியத் சார்பு நாடுகள் தாக்குமா என்பது அமெரிக்க உளவுத்துறையின் முன்னிருந்த வினா. அவ்வாண்டு மார்ச்சில் வெளியான மதிப்பீடு, தாக்குதலைப் பாரதூரமான ஒரு சாத்தியமாகக் கொள்ள வேண்டும் என்றது. மதிப்பீட்டுப் பணியில் முன்னின்ற ஷேர்மன் கென்ற் முன்னர் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர். அத்தொடரால் அவர் கருதியது நூற்றுக்கு அறுபத்தைந்து வீத வாய்ப்பு. இதனைக் கேட்ட இராசாங்கத் திணைக்கள அதிகாரி ஒருவர் திடுக்கிட்டார். அவர் அதனை மிகக் குறைவாகவே எண்ணியிருந்தார். பின்னர் கென்ற் தம் சகாக்களையே வினவினார். ஒருவர் இருபது வீதம் என்றார். வேறொருவர் எண்பது வீதம் என்றார். அவர்கள் அனைவரும் அவ்வாசகத்தைக் கூடியிருந்து ஒப்புக்கொண்டவர்கள்! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையேதான் இது நிகழ்ந்தது என்பதை எம் மாணவர் ஓர் ஆறுதலாகக் கொள்ளலாம்.

1964 இல் எழுதிய கட்டுரையில் கென்ற் ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எண் வகுத்தார். 'ஏறத்தாழ நிச்சயம்' என்பது தொண்ணூற்று மூன்று வீதம், 'பெரும்பாலும் நிகழும்' என்பது எழுபத்தைந்து வீதம் என்றவாறு அது செல்கிறது. எண்ணுக்கு அடங்க மறுத்த சகாக்களை அவர் 'கவிஞர்' என்று அழைத்தார், கவிஞரே வென்றனர். எனினும் அவர் வழி பிற்காலத்திற் காலநிலை விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது. காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழு, அண்மைய அரை நூற்றாண்டின் வெப்ப உயர்வில் பெரும்பங்கு மனிதர் வெளிவிட்ட வாயுக்களால் வந்திருத்தல் 'லைக்லி' என 2001 இல் எழுதியது. அறுபத்தாறு வீதத்துக்கு மேல் என்பது அச்சொல்லுக்கு அது விதித்த அளவு. 2007 இல் அதன்முன் 'மிகவும்' என்ற அடை சேர்ந்தது. தொண்ணூறு வீதம் தாண்டியது. 2013 இல் 'மிக மிக' என்னுமளவுக்கு அடை ஏறியது, தொண்ணூற்றைந்தும் தாண்டியது. 2021 ஆம் ஆண்டறிக்கையில், வளியும் கடலும் நிலமும் மனிதரால் வெப்பமுற்றமை ஐயத்துக்கு இடமற்றது என்று எழுதப்பட்டது. அவ்வாக்கியத்தில் 'லைக்லி'யும் இல்லை, ஊகத்தைக் குறிக்கும் துணைவினையும் இல்லை.