உங்க ஊர்ப் புலி

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தவர் கிருஷ்ணகிரியில் பார்க்க நினைத்தது சையத் பாஷா மலைக் கோட்டையை மட்டும்தான். பழையபேட்டை, மாம்பழக்கூழ் ஆலைகள், ஓசூர் பக்கம் போகும் லாரி வரிசை எல்லாம் அக்கா மகனின் பைக்குக்குப் பின்னால் ஓடி மறைந்தன.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் லண்டனில் இருக்கும் ஒரு பைப் ஆர்கன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள், மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரனின் கழுத்தைக் கவ்வியபடி நிற்கிறது திப்பு சுல்தானின் மரப்புலி. கிட்டத்தட்ட ஆறடி நீளம். விலாவில் உள்ள கதவைத் திறந்தால் தந்தப் பொத்தான்கள் 18. அவற்றுக்கு மேலே குழாய்கள். கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி ஊதும், புலி உறுமும். கீழே கிடப்பவனின் இடது கை ஏறி இறங்கும், அவனும் அலறுவான்.

1799 மே மாதம் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது புலி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் சிக்கியது. கப்பலேறி, 1808இல் லெடன்ஹால் தெருவிலிருந்த கம்பெனி மாளிகையில் காட்சிக்கு வந்தது. பக்கத்தில் படிக்க வந்தவர்கள் சத்தம் தாங்காமல் நொந்துபோகும் அளவுக்குப் பார்வையாளர்கள் கைப்பிடியைச் சுற்றித் தள்ளினார்கள். கம்பெனி போய் ராணி ஆட்சி வந்ததும் புலியும் இடம் மாறியது. 1880இல் இப்போதைய அருங்காட்சியகத்தின் சொத்தானது. இரண்டாம் உலகப்போரில் கூரை இடிந்து விழுந்து சிதறியதை ஒட்டவைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

லண்டன் நண்பர்களிடம் அவர் விடாமல் சொல்வது, "அது எங்க ஊர்ப் புலி."

மலைப்படிகள் செங்குத்து. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே மதில் செருகியதுபோல் நிற்கிறது. கோட்டை திப்புவிடம் இருந்தபோது, 1791 நவம்பரில் ஆங்கிலேய அதிகாரி மேக்ஸ்வெல்லின் படை இதில் ஏறப்பார்த்து அடிவாங்கித் திரும்பியது. இன்று ஏறிவந்தவர்கள் பெயின்டில் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெளியூர் போனவனுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ இந்த உரிமைக் கோபம்!

"புலியை ஏன் மாமா இங்க வந்து தேடுறீங்க? அது உங்க ஊர்லதானே இருக்கு" என்றான் அக்கா மகன்.

'உங்க ஊர்' என்று அவன் சொன்னது லண்டனை.

கணக்குப் பார்த்தால் அவன் கட்சிதான் வலுவானது. 1792 மார்ச் உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலைத் திப்பு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். புலி செய்யப்பட்டது 1793 வாக்கில் என்கிறார்கள். ஓசூரோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆக, உரிமை கொண்டாடலாம் என்றால் அது ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் இவனுக்குத்தான்.

அவனுக்கு அந்த உரிமை தேவைப்படவில்லை. லண்டன் அருங்காட்சியகக் கடையில் புலி பொம்மை விற்கிறார்கள் என்று கேட்டதும்தான் நிமிர்ந்தான்.

"அடுத்த தடவை வரும்போது பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா. சத்தம் போடறதா பார்த்து."